மூன்று நாள் கஞ்சி

ஜூன் 9, திங்கள்

எழுந்ததும் முதல் வேலை, மாம்பழக் கூடையைத் திறந்து பார்த்தது. பல் துலக்கும் முன்பே. ஆறு பங்கனபள்ளி, அதில் ஒன்று கனிந்திருந்தது. தொட்டி மேல் குனிந்து நின்றபடியே முழுசாகத் தின்றேன். சாறு முழங்கை வரை. ஆறரைக்கே சுள்ளென்று வெயில்.

ஒன்பதரைக்கு, பாடியில் இருக்கும் எங்கள் கிளினிக். சர்க்கரை நோயாளிகளுக்குப் பழக்கத்தை மாற்றச் சொல்லித் தரும் வேலை. உளவியல் படித்ததற்கு வாய்த்தது. இன்று 'மாற்றத்தின் படிகள்': யோசிக்காத படி, யோசிக்கும் படி, தயாராகும் படி, செய்யும் படி, விடாமல் தொடரும் படி. போர்டில் வரைந்தேன். படிக்கட்டு நன்றாக வந்தது. ஏறும் மனிதன் குரங்கு மாதிரி.

ஏகாம்பரம், லாரியில் லோடு ஏற்றுபவர், கை தூக்கினார். "மேடம், எறங்குறதுக்குப் படி கீதா?"

இருக்கிறது, அதற்குச் சறுக்கல் என்று பெயர், எல்லோரும் சறுக்குவோம் என்றேன்.

"அப்ப நான் அதுல தான் கீறேன்." சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம்.

வாங்க வேண்டியது: கொத்தமல்லி, வெந்தயம், சார்ஜர்.

பட்டியலில் எழுதாதது: என் ரத்தப் பரிசோதனை. போன வருடம் டாக்டர், "சக்கர எல்லையில நிக்குது, மூணு மாசத்துல மறுபடி பாத்துடும்மா" என்றார். வருடமே ஓடிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

ஏகாம்பரத்தின் குட்டு உடைந்தது. மாதாமாதம் தங்கமான ரிசல்ட் கொண்டுவருவார். அவரைத்தான் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவேன். இந்த முறை டாக்டர் மூன்று மாத சர்க்கரை சராசரியும் எடுக்கச் சொல்ல, அது எகிறிக் கிடக்கிறது.

மனைவி கஸ்தூரி போட்டுக் கொடுத்தார். "டெஸ்டுக்கு மூணு நாள் மின்னாடி வெறும் கஞ்சி குட்ச்சிகினு கெடக்கும் மேடம். ரத்தம் குட்த்துட்டு நேரா பரோட்டா கடைக்குப் பூடும்."

"பரிச்சைக்கு மின்னாடி தான மேடம் படிப்பாங்க?" என்றார் ஏகாம்பரம். "வருசம் பூரா எவன் படிப்பான்?"

சிரித்துவிட்டேன். பிறகு, ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"டாக்டரு திட்டுவாரு. அத்த கூட தாங்கிக்கலாம். நீங்க மூஞ்சத் தொங்கப் போட்டுக்குவீங்க பாரு, அத்தப் பாக்க மனசு வரல."

பயத்தை மட்டும் கொடுத்து வழியைக் காட்டாவிட்டால், ஆள் நோயை விட்டுவிட்டு நம்மிடமிருந்துதான் தப்பிக்கப் பார்ப்பான். தேர்வில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான். என் மூஞ்சியும் பயமுறுத்தும் என்று தெரியாமல் போச்சு.

கிளம்பும்போது கேட்டார். "உங்க சுகர் எவ்ளோ மேடம்?"

"நார்மல்தான்." கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

ஜூன் 11, புதன்

மாலையில் பத்து நிமிட மழை. மொட்டை மாடித் துணி எல்லாம் ஈரம்.

அந்த 'நார்மல்' உறுத்திக்கொண்டே. ஏன் சொன்னேன்?
1. அப்பாவின் இடது கால். சர்க்கரையில் இரண்டு விரல் போனது.
2. ரத்தம் எடுக்கும் சுமதி. என் எண் மதியத்துக்குள் கிளினிக் முழுக்கத் தெரிந்துவிடும்.
3. மாம்பழ சீசன்.
மூன்றாவதுதான் காரணம் என்று எழுத வந்தேன். இல்லை, முதலாவதுதான்.

சனிக்கிழமை வேறு எங்காவது போய், வெறும் வயிற்று டெஸ்ட் மட்டும் எடுத்துவிடலாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர்: "என்ன திடீர்னு கேப்பைக் கஞ்சி? காலைலயும் இதான?"
"வெயிலுக்கு."
"வெளிய மழை பெய்ஞ்சுது." தட்டைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "பழம் அழுகுதே, யாருக்கு வச்சிருக்கே?"

ஜூன் 12, வியாழன்

பாடி மேம்பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏகாம்பரம், கையில் டீ. "சக்கர இல்லாத டீ மேடம். மாஸ்டராண்ட சொல்லி வச்சிட்டேன், நானே கேட்டாலும் போடாதன்னு."

மனவுறுதியை நம்பாதே, சூழ்நிலையை மாற்று. பாடப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்க வரும். ஏகாம்பரத்துக்கு ஒரு டீ மாஸ்டர் போதும்.

"எப்படி இருக்கு?"
"கய்வி ஊத்துன தண்ணி மேரி கீது." ஆனாலும் குடித்தார். "நீங்க இன்னா மேடம், டல்லா கீறீங்க? சாப்டலியா?"
"கஞ்சி குடிச்சேன்." சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எத்தினி நாளா?"
"ரெண்டு."
"டெஸ்டா?"

தலையாட்டினேன். மேம்பாலமே அதிரும்படி சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டராண்ட சொல்ல மாட்டேன், போங்க" என்றார்.

திட்டவில்லை. மூஞ்சியும் தொங்கவில்லை. நாள் முழுக்க லேசாக இருந்தது.

வீட்டில் மீதிக் கஞ்சியைக் கொட்டினேன். சோறு, கீரை, அப்பளம். மாம்பழத்தில் வீட்டுக்காரருக்குப் பாதி, எனக்கு இரண்டு துண்டு.

நாளைக் காலை ஒன்பதரை. எங்கள் கிளினிக்கிலேயே, சுமதியிடமே. மூன்று மாத சராசரி, கஞ்சிக்கு ஏமாறாதது. திங்கள் வகுப்பில் நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்து, என்ன வந்தாலும் என் எண்ணை முதலில் நான் சொல்லப் போகிறேன். வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.