நாலு பட்டனுக்கு ஒரு இடைவெளி

மார்ச் 4

என் அன்புத் திருகாணிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டாலும் சொல்லமாட்டாய். ஒரு வருஷமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போகட்டும், நானும் எழுதவில்லை. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்பாய். தபாலில் வந்தால் பிரித்துத்தானே ஆகவேண்டும்?

விஷயம் இதுதான். எங்கள் கோர்ட்டில் பழைய லேப்டாப்களை எல்லாம் அள்ளி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டு, சாட்சியம் டைப் அடிக்கிற எங்களுக்கு உங்கள் கம்பெனியின் புதியதை ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். என் தம்பி செய்தது என்று பெருமையாகத்தான் வாங்கினேன். அந்தப் பெருமை மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது.

ஏழு வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றித் திருகாணிகளை வாயில் அடக்கிக்கொண்டு நின்றவன் நீ. உன் லேப்டாப்பின் அடியில் தடவினால் ஒரு திருகாணிகூட அகப்படவில்லை. கம்பெனிப் பெயரை மட்டும் மூடியில் மேடாகப் பொறித்திருக்கிறீர்கள். அதற்கு இடம் இருக்கிறது, மேல் வரிசைப் பட்டன்களுக்கு நடுவில் இடைவெளி விட இடம் இல்லை!

பழையதிலும், அதற்கு முன்னால் இருந்ததிலும் நாலு பட்டன், ஒரு இடைவெளி, நாலு பட்டன், ஒரு இடைவெளி என்று இருக்கும். இரண்டாவது கூட்டத்தின் முதல் பட்டனை அழுத்தினால் "சாட்சி மேலும் கூறியதாவது" என்று முழுசாக வந்து விழும். பதினெட்டு வருஷமாக என் விரல் அங்கே தானாகப் போகும். இப்போது பன்னிரண்டும் ஒரே பலகை மாதிரி ஒட்டிக் கிடக்கின்றன. நேற்று ஒரு காவலர் பேச வாய் திறப்பதற்குள் "எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கிறது" என்று அடித்துவிட்டேன்.

பட்டன்கள் இறங்குவதும் இல்லை. அழுத்தினேனா இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை, அதற்கும் தெரியவில்லை. மூலையில் அழிக்கிற பட்டனுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில் அதே வழவழப்பில், அணைக்கிற பட்டனை வைத்திருக்கிறீர்கள். யாருடைய மூளையில் உதித்தது இது? இந்தக் கடிதத்தை அடிப்பதற்குள் இரண்டு தடவை அணைந்துவிட்டது.

வெளியே ஒரு கீபோர்டு செருகிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். இருப்பது இரண்டு ஓட்டை. ஒன்று சார்ஜருக்குப் போய்விடுகிறது, இன்னொன்று பிரிண்டருக்கு. தனியாக ஒரு இணைப்பு கேட்டால் தருவார்களாம். "எதுக்கு உங்களுக்கு மட்டும்?" என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். எனக்கு வேண்டாம்.

பதில் போடுவதானால் டைப் அடித்து, பெரிய எழுத்தில் அனுப்பு. உன் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

அன்புடன்,
உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கவரைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். பிரித்தால் பட்டன் புராணம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார், வாடிக்கையாளர் கருத்து என்று சொல்லி வைத்தேன்.

டைப் அடிக்கச் சொன்னாய். ஒரு வருஷம் கழித்து அக்காவுக்கு எழுதுகிற கடிதத்தை மிஷினில் அடிக்க மனசு வரவில்லை, அதனால் கையாலேயே எழுதுகிறேன். கோழி கிளறியதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில், எல்லாம் மெலிசுக்காகத்தான். விற்பனைக்காரர்கள் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டவேண்டும், வாங்குகிறவர்கள் "அட!" என்று சொல்லவேண்டும். மெலிசாக்கினால் பட்டன் இறங்க ஆழம் இல்லை. அகலத்தைக் குறைத்தால் இடைவெளி போகும். அணைக்கிற பட்டனைத் தனியாக வைத்தால் இன்னொரு துளை போடவேண்டும். திருகாணிகளை உள்பக்கம் மறைத்துவிட்டோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்பதில்லை.

எங்களுக்கு வருகிற புகார்களில் முதலிடம் திரைக்குத்தான். ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறது, எழுத்து பொடியாக இருக்கிறது, கண் வலிக்கிறது. பத்தில் ஆறு பேர் இதைத்தான் எழுதுகிறார்கள். பட்டனுக்காக இப்படிச் சண்டை பிடிக்கிற ஒரே ஆள் நீதான்.

ஒரு ரகசியம் சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதே. நான் இன்னும் பழைய மாடலில்தான் வேலை செய்கிறேன். கூட்டத்துக்குப் போகும்போது மட்டும் புதியதைக் கக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

அக்கா, ஒன்று கேட்கவேண்டும். உன் மகள் கல்யாணத்துக்கு நான் வராதது தப்பு. தாய்மாமன் நாற்காலி காலியாகவே இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த மாதம் வந்தேனே, இரண்டு நாள் இருந்தேனே, நீ ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்தாயா? சாப்பிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாய். கிளம்பும்போது "போய்ட்டு வரேன்க்கா" என்றேன், நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு "சரிடா" என்றாய். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கப்புறம் எந்த முகத்தோடு வருவது என்றுதான் வரவில்லை.

உன் தம்பி,
திருகாணி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரம்மாதான் வாசித்துக் காட்டினாள். எழுத்து அப்படி! அவள் ரேடியோச் செய்தி மாதிரி வாசித்ததில் உன் ரகசியம் மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும். நான் பொறுப்பில்லை.

நான் எங்கே பார்த்தேன், எங்கே பார்க்கவில்லை என்பதையெல்லாம் கடிதத்தில் எழுதிப் புரியவைக்க முடியாது. விடு.

போன வாரம் நடந்ததை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை. ஒரு விபத்து வழக்கு. லாரி மோதிப் பையன் இறந்துவிட்டான். அவன் அம்மா சாட்சிக் கூண்டில் நின்றாள். என் வயதுதான் இருக்கும். குரல் ஒரு சீராக வந்துகொண்டிருந்தது, வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பழகியிருப்பாள் போலிருக்கிறது. முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லையாம். "செருப்பப் பாத்துதான் சொன்னேன். அன்னைக்குக் காலைலதான் புதுசா வாங்கிக் குடுத்தேன்" என்றாள். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு எழுத்து பிசகியது, அழிக்கிற பட்டனை அழுத்தினேன். அழிந்த மாதிரி தோன்றவில்லை, கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். பிறகு மேலே அடித்துக்கொண்டு போனேன்.

ஐந்து நிமிடம் இருக்கும். பக்கத்தில் இருந்த கிளார்க் என் தோளைத் தொட்டு, "மேடம், அது அணைஞ்சு கிடக்கு" என்றார்.

செத்த மிஷினில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். செருப்பு, காலை, பையன் ஒன்றுமே பதியவில்லை. நீதிபதி அம்மா அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் கோபப்படவில்லை. "மறுபடியும் சொல்லணுமாங்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னாள். இந்த முறை குரல் சீராக வரவில்லை, செருப்பு என்கிற இடத்தில் உடைந்துபோய்விட்டாள்.

மிஷின் கோளாறு என்று எல்லோரும் என்னைச் சமாதானப்படுத்தினார்கள். நானும் தலையாட்டினேன்.  ஒரு தாயை இரண்டு தடவை அழவைத்த விரல் இது.

அந்தப் பட்டனை அங்கே வைத்தது யார், இடைவெளியை எடுத்தது யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் அந்த ஆளிடம் இதைச் சொல். சும்மா சொல்லு, சண்டைக்கு இல்லை.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

பெரிய எழுத்தில் அடித்திருக்கிறேன். இதை நீயே படிக்கவேண்டும், மருந்துக்கடைக்காரம்மா வேண்டாம்.

உன் இரண்டு கடிதங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலதடவை படித்தேன். முதலில் சிரித்தவன்தான். லேப்டாப் அணைந்தால் திரை கறுக்கும். எதிரே யார் நின்றாலும், எவ்வளவு வேகமாக அடித்தாலும், ஐந்து நிமிடம் அது தெரியாமல் போகாது. உனக்குத் தெரியவில்லை. பத்தில் ஆறு பேர் திட்டுகிற திரையைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வழவழப்பு, மேடு, இறக்கம், இடைவெளி எல்லாம் விரல் சொன்னது.

அப்புறம் பழசெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நான் வந்திருந்தபோது டம்ளரின் விளிம்பில் விரலை மடக்கி வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினாய். கல்யாண ஆல்பத்தை என்னிடம் கொடுத்து, "நீ பாரு, நான் எத்தனை தடவை பாக்குறது" என்றாய். எனக்குக் கோபமாகத் தெரிந்ததே தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கண் இருந்து என்ன பிரயோஜனம் எனக்கு?

உன் கண்ணுக்கு என்ன அக்கா?

இடைவெளியை எடுத்தது யார் என்று கேட்டாய். நான்தான். பழைய மாடலில் அந்த இடைவெளிக்காக நானே சண்டை போட்டவன். உன் விரலை மனதில் வைத்துத்தான் போட்டேன், உன்னிடம் சொன்னதில்லை. புதியதற்குக் கடைசி முடிவுக் கூட்டம் உன் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் நடந்தது. மத்தியானம் முடிந்தால் ரயிலைப் பிடித்துவிடலாம். மேலதிகாரி, "இந்த இடைவெளி யாருக்காவது வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்று சொன்னால் கூட்டம் இன்னும் இரண்டு மணி நேரம் இழுக்கும். "பாக்காம மேல் வரிசைய அடிக்கிறவங்க யாரும் இல்ல சார்" என்றேன். அந்த மூலைப் பட்டனையும் அதே மூச்சில் ஒத்துக்கொண்டேன். அப்படியும் வேறு ஒரு பேச்சில் கூட்டம் இழுத்து, ரயிலையும் விட்டேன்.

அந்தத் தாய்க்குத் தப்புச் செய்தவன் நான். உனக்கும்தான்.

நான் வேலை செய்கிற பழைய மிஷினைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அடியில் ஏழு திருகாணி இருக்கிறது, தடவிப் பார். மூலையில் அணைக்கிற பட்டன் மேல் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு பசைப் பொட்டும் வைத்திருக்கிறேன். அது இருக்கிற பட்டன் பக்கம் போகாதே. உன் ஆபீசில் சம்மதித்தால் வைத்துக்கொள். அடுத்த மாடலின் கூட்டம் மே மாதம். உன் இரண்டாவது கடிதத்தை அங்கே வாசிக்கலாமா? நீ சரி என்றால்தான்.

நான் வரட்டுமா? வராதே என்று சொன்னாலும் எழுது.

தம்பி


ஏப்ரல் 21

என் திருகாணிக்கு,

நீ அடித்த எழுத்து நாற்காலி சைசுக்கு இருந்தது. நாலு வரிக்கு ஒரு பக்கம். நானேதான் படித்தேன், ஒரு முழு காலைப்பொழுது ஆனது.

கண் பார்வையில் நடுப்பகுதி போய்விட்டது. இரண்டு வருஷம் ஆகிறது. எதை நேராகப் பார்க்கிறேனோ அது இருக்காது, அதைச் சுற்றி இருப்பது தெரியும். மருத்துவர் மெதுவாகத்தான் போகும் என்கிறார். திரும்ப வராது என்பதையும் மெதுவாகத்தான் சொன்னார். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை, கல்யாண நேரத்தில் எதற்கு என்று விட்டேன். கோர்ட்டில் அடிப்பது மட்டும்தான் என் வேலை. அடித்ததைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டுவது கிளார்க் வேலை. அதனால் தப்பித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் ஒரு மூலையில் உட்காரவைத்து, சும்மா இருங்கள் மேடம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். இந்த வேலை இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை தம்பி.

உன் கடிதம் வந்த மறுநாள் நீதிபதி அம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அது மிஷின் கோளாறு மட்டும் இல்லை என்பதையும் சொன்னேன். "ரெண்டு வருஷமா ஏன் சொல்லல?" என்றார். "சொன்னா உக்கார வச்சிருவீங்கன்னுதான்மா" என்றேன். மேஜை நாட்காட்டியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "உங்க தம்பி அனுப்புற பழைய மிஷின் எப்ப வருது? வியாழக்கிழமை பெரிய கேஸ் இருக்கு" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

மருத்துவக் குழு பார்க்கவேண்டுமாம். என்ன சொல்வார்களோ. அதுவரைக்கும் உன் மிஷின்தான், பக்கத்தில் கிளார்க் திரையைப் பார்த்துக்கொள்கிறார். வியாழக்கிழமை நாலு மணி நேரம் அடித்தேன். இரண்டாவது கூட்டம், முதல் பட்டன். விரல் போய் உட்கார்ந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏழு திருகாணியையும் எண்ணினேன், ஒன்று ஆடுகிறது. வந்து முடுக்கிவிட்டுப் போ.

கடிதத்தை வாசி. செருப்பு என்கிற இடத்தை மட்டும் விட்டுவிடு, அது அவளுடையது. கல்யாணத்துக்கு வராத கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். ரயிலைப் பிடிக்கத்தான் சரி என்று சொன்னாய் என்று படித்தபோது உன்னை என்ன செய்வது என்றே தெரியவில்லை.

வா. வரும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். உன்னை நேராகப் பார்த்தால் உன் முகம் இருக்கிற இடத்தில் எனக்கு ஒன்றுமே இருக்காது. சுவரையோ ஜன்னலையோ பார்த்தால்தான் ஓரத்தில் நீ தெரிவாய், மூக்கு, மீசை, அந்த நரை எல்லாமே. போன தடவை இரண்டு நாளும் உன்னை அப்படிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நீ இளைத்துப் போயிருந்தாய். கிளம்பும்போது உன் கண் கலங்கியிருந்தது.

அதனால் நான் முகத்தைத் திருப்பினால் எழுந்து போய்விடாதே.

உன் அக்கா