முப்பத்திரண்டு கிளிப்பும் மகிழ்ச்சியில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தக் குஷியில் குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று கிளம்பி வீட்டையே குளமாக்கினான். அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது என் வகுப்பைப் பற்றி. ஓய்வு பெற்ற பிறகு டிவியில் செய்தி வாசிப்பவரோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனா, அம்மாதான் பொறுக்கமாட்டாமல் சந்தைக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தள்ளிவிட்டாள். மூட்டை தூக்குகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். கோபம் வந்தால் என்ன செய்வது, பயந்தால் யாரிடம் சொல்வது, அழுகிறவர் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் தேடினார்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டி, குறுக்கே வந்தவனையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிய உன் அப்பாவுக்கு அந்த வேலை! நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. ஐந்து நாள் பயிற்சி கொடுத்துத்தான் வகுப்புக்குள் விட்டார்கள்.

சுவரில் நான்கு கயிறு கட்டி மகிழ்ச்சி, கோபம், பயம், வருத்தம் என்று எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய துணி கிளிப் ஒன்று, உள்ளே வரும்போது எந்தக் கயிற்றில் மாட்டுகிறார்களோ அதிலிருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும். மிளகாய் என்று ஒருத்தி இருக்கிறாள், ஒன்பது வயசு, ஆள் இத்தனூண்டு, காரம் தாங்காது. கோபம் வந்தால் கடிப்பாள், முதல் மாதம் என் கையையே பதம் பார்த்தாள், அம்மா மருந்து போட்டுக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது ஐந்து மாதமாக ஒருவரையும் கடிக்கவில்லை, கோபத்தில் கிளிப்பை மாட்டிவிட்டு ஜன்னலோரம் போய் நின்று மூச்சு விடுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரியம்மா வந்தார். இந்த ஒரு மணி நேரம் தொடரலாமா, கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று அன்றைக்கே முடிவு. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பார்த்தால் பாதிக் கிளிப் பயத்தில் தொங்குகிறது, நாலைந்து வருத்தத்தில். நான் ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை என்று நினைத்துவிடுவாரே என்று, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் முப்பத்திரண்டு கிளிப்பையும் மகிழ்ச்சியில் மாட்டிவிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாரும்தான் சந்தோஷமா இருக்காங்களே, அப்புறம் இந்த வகுப்பு எதுக்குங்க என்று கேட்டாரே பார்க்கலாம். கெடுத்தேனே காரியத்தை என்று நிற்கிறேன், மிளகாய் எழுந்து போய்த் தன் கிளிப்பைக் கழற்றிக் கோபத்தில் மாட்டினாள். தாத்தா, என் கிளிப்ப என்னைக் கேக்காம மாத்திட்டீங்க, எனக்குக் கோபமா இருக்கு, ஆனா கடிக்க மாட்டேன், நீங்க மன்னிப்புக் கேக்கணும் என்றாள். உன் அம்மாவிடம்கூட இதுவரை கேட்காத மன்னிப்பை அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, சரி, இனிமே செய்யாதீங்க என்று விட்டுவிட்டாள். பிறகு ஒவ்வொருவராக வந்து மாற்ற ஆரம்பித்தார்கள். ஒரு பையன் பயத்தில் மாட்டிவிட்டு, இவங்க வகுப்ப நிறுத்திடுவாங்களோன்னுதான் என்று அதிகாரியம்மாவையே கை காட்டினான். பத்து நிமிஷத்தில் கிளம்ப இருந்தவர், மணி அடிக்கும்வரை பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். வகுப்பு நிற்காது, வருகிற வருஷம் ஐந்தாம் வகுப்புக்கும் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வீடுவரை பாடிக்கொண்டே வந்தேன், அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்னும் இருக்கிறது, கேள். இன்றைக்குப் போனால் மிளகாய் ஒரு புதுக் கிளிப்போடு வாசலில் நிற்கிறாள், டிரைவர் தாத்தா என்று எழுதியிருக்கிறாள், உங்களுக்கு மட்டும் ஏன் இல்ல, மாட்டுங்க என்கிறாள். மகிழ்ச்சியில்தான் மாட்டப் போனேன், வகுப்பு பிழைத்த சந்தோஷம் பொய்யில்லையே. ஆனால் கை வருத்தத்துக்குப் போய்விட்டது. ஏன் என்று கேட்டாள். என் பொண்ணு ரெண்டு வருஷமா தூரத்துல இருக்கா, அவ கிளம்பின அன்னைக்கு ஏர்போர்ட்ல பெட்டி கனமா இருக்குன்னு திட்டி அனுப்பிட்டேன், அது கோபமே இல்ல என்றேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள், அந்தப் பக்கம் இன்னொருத்தி. வாயாடிகள் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. அவர்களிடம் சொன்னதை உன்னிடம் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது, மகளே.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னாயே, அந்தப் பல் வலியைத் தள்ளிப்போடாதே, இந்த வாரமே டாக்டரிடம் காட்டு.

இப்படிக்கு,
உன்னைத் தேடுகிற அப்பா