ஆடியில் கையெழுத்து கிடையாது

ஆடி 12, திங்கள்

காற்று. மைதானத்து மண் முழுக்க வாயில். புடவையில் ஊக்கு குத்தியும் பயனில்லை.

இன்று: எட்டாம் வகுப்பு நோட்டு, கேஸ் புக்கிங், மகள் காவ்யாவுக்கு ஷூ, கோச் மிக்லோஷுக்குக் கடிதம்.

கடைசியானதுதான் தலைவலி. ஹங்கேரியில் அவர் கால்பந்து ஆடிப் பழகிய சின்ன ஊர் கிளப், சிறுவர் அணிக்குக் கோச்சாகக் கூப்பிட்டிருக்கிறது. எங்கள் பள்ளியின் விடுவிப்புக் கடிதம் அடுத்த வாரம் வெள்ளிக்குள் அங்கே போக வேண்டும். மனிதருக்கு நேற்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. அவர் பேசும் ஆங்கிலம் இங்கே எனக்கு மட்டும்தான் புரியும். அதனால் பாடம் நடத்துவதோடு இந்த மொழிபெயர்ப்பும் என் தலையில்.

டைப் செய்து தாளாளர் மேஜையில் வைத்தேன். காந்தி மார்க்கெட்டில் வாழை மண்டி, முசிறி ரோட்டில் பள்ளிக்கூடம், இரண்டுக்கும் அவர்தான் ராஜா. படித்தார். தள்ளி வைத்தார்.

"ஆடியில நான் எதுலயும் கையெழுத்துப் போடுறதில்லைங்க டீச்சர். உங்களுக்குத் தெரியாததா? ஆடி முடியட்டும்."

முடிய இன்னும் மூன்று வாரம் கிட்ட. வெளியே கோச் மி. காத்திருந்தார். பெரிய அறிவாளி மாதிரி, "அடுத்த வாரம் தருகிறாராம்" என்று சொல்லிவைத்தேன். முடியாது என்று யார் முகத்துக்கு நேராகவும் சொல்லிப் பழக்கமில்லை. அந்த நேரத்துக்குத் தப்பித்தால் போதும் என்கிற புத்தி.

ஆடி 14, புதன்

மி. ஊருக்குத் தேதி எழுதிவிட்டார். விமான டிக்கெட் பார்க்கிறார்.

டீ குடிக்கும்போது அவர் கதை. தடுப்பாட்டக்காரர், இரண்டாம் டிவிஷன். இருபத்தொன்பது வயதில் முழங்கால் போயிற்று. பிறகு கோச் வேலை. வளைகுடா, ஆப்பிரிக்காவில் இரண்டு இடம், மலேசியா, இப்போது திருச்சி. ஊரை விட்டு இருபது வருடம். ஊரே கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயதாம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பெல் அடித்தது. நல்லவேளை என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆடி 16, வெள்ளி

தாளாளரிடம் இரண்டாம் முறை. "அவங்க ஊர்ல ஆடி ஏதுங்க சார்?" என்று கேட்டே விட்டேன்.

"கையெழுத்து என்னுதுதானேங்க?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "காவ்யா ஏழாவதுல்ல? ஃபீஸ் இல்லாம நம்ம ஸ்கூல்லயே படிக்குது. அப்படியே பிளஸ் டூ வரைக்கும் படிக்கட்டும்" என்றார். கனிவாகத்தான் சொன்னார். பயமாக இருந்தது.

லெட்டர்ஹெட், முத்திரை எல்லாம் என் அலமாரியில்தான். அவர் கையெழுத்து எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஒரு தாளை எடுத்தேன். திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினேன்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. ஸ்ரீரங்கம் முழுக்க ஜனம். அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. காவிரி மேல்படி வரை.

கூட்டத்தில் தாளாளர் குடும்பம், பட்டும் பூவுமாக. நல்ல மனநிலையில் இருந்தார். வெள்ளிக்குள் கடிதம் போகாவிட்டால் மி.க்கு அந்த வேலையே இல்லை, அடுத்த வாரம் கிடைத்துவிடும் என்று நம்பியிருக்கிறார் என்று அங்கேயே சொன்னேன்.

"அடடா! நான் ஆடி முடியட்டும்னுதானே சொன்னேன். அடுத்த வாரம்னு அவர்கிட்ட யாருங்க சொன்னது?"

அவர் மனைவி மஞ்சள் குங்குமம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மாலை மி. அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெட்டி பாதி அடுக்கியிருந்தது. கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"போன ஊரில் எல்லாம் அடுத்த வாரம் என்றுதான் சொல்வார்கள். நான் நம்பினதே இல்லை. நீங்கள் சொன்னதால் நம்பினேன்" என்றார், நிறுத்தி நிறுத்தி.

செத்துவிடலாம் போல இருந்தது. பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா, "வீட்ல சண்டையா?" என்று கேட்டார்.

ஆடி 24, சனி

தூறல். ஷூ இன்னும் வாங்கவில்லை.

கூடுதல் நாள் கேட்டு மி. எழுதியதற்குப் பதில் வந்துவிட்டது. வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம்.

காலை ஆறுக்கே மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தார். எனக்கு வழக்கம்போல குட் மார்னிங். திட்டித் தொலைத்திருந்தால் தேவலை.

ஆடி 26, திங்கள்

அசெம்பிளி. வெயில். மி. தோளில் கை போட்டபடி மேடையில் தாளாளர்: "நம்ம கோச் நம்மளை விட்டு எங்கயும் போகல! சார் ரெண்டு வார்த்தை பேசுவாங்க, டீச்சர் தமிழ்ல சொல்லுவாங்க."

மி. பேசினார். "வீட்டுக்குப் போக விரும்பினேன், என்னை விடவில்லை." அவ்வளவுதான். என் பக்கம் திரும்பி, அப்படியே சொல்லுங்கள் என்றார்.

மைக் என் கையில். தாளாளர் சிரித்த முகமாக என்னைப் பார்த்தார். ஏழாம் வகுப்பு வரிசையில் காவ்யா, ரிப்பன் அவிழ்ந்து தொங்க.

"உங்களோட இருக்கறது ரொம்ப சந்தோஷம்னு சொல்றாங்க" என்றேன்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். மி.யும் தட்டினார், என்னைப் பார்த்தபடியே.