அருவியில் விழாத ராணி

அன்புள்ள மதினிக்கு,

இன்று காலை தெருவில் தம்பட்டம் கேட்டது. சினிமாக் கொட்டகை வண்டி வந்து நின்று, நோட்டீசை வீசிவிட்டுப் போனது. நான் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தேன். ரோஸ் நிறக் காகிதம் ஒன்று ஈர வாசலில் ஒட்டிக்கொண்டது. தலையை விரித்துப்போட்ட அதே ராணி, அவளுக்குப் பின்னால் அதே குற்றால அருவி. இங்கே செங்கோட்டையில் இரண்டாவது வாரமாம். பழைய படத்துக்கு இத்தனை கூட்டமா என்று எல்லாரும் வியக்கிறார்கள். எனக்கு அதைக் கையில் எடுக்கவே பயமாக இருந்தது. என் வீட்டுக்காரர் போய் இன்னும் நான்கு மாதம் முடியவில்லை.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியும். மழை பெய்தாலும் இவளுக்குப் பயம், பெய்யாவிட்டாலும் பயம் என்று என்னைக் கேலி செய்வீர்கள். ஆனால் இந்த ராணி விஷயத்தில் என் பயத்துக்குக் காரணம் இருந்தது.

அந்தப் படத்துக்குக் குற்றாலத்தில் படப்பிடிப்பு நடந்தபோது அண்ணன் உயிரோடு இருந்தான். சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு நம் இருவரையும் பஸ்ஸில் கூட்டிப்போனான். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ராணியாக நடித்த அம்மாள் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, குடையின் கீழே தும்மிக்கொண்டிருந்தாள். போரில் ராஜா செத்த சேதி கேட்டு ராணி அருவியில் குதிப்பது கடைசிக் காட்சி. குதித்தது அவளா? வைக்கோலைத் திணித்து, பட்டுச்சேலை சுற்றிய ஒரு பொம்மை. மேலேயிருந்து தள்ளிவிட்டார்கள். அது பாதி வழியில் ஒரு பாறையில் சிக்கிக்கொண்டு, கால் மேலே, தலை கீழே என்று தொங்கியது. கூட்டம் முழுவதும் சிரித்தது. அண்ணன் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறிவிட்டது.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. எந்த ராணியின் கதை என்று பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்தீர்கள். அவர் சொன்னதும் உங்கள் முகம் மாறியது.

"அது எங்க ஊரு ராணில்லா. அவ எங்கன குதிச்சா? தலை நரைச்சு, பல்லு விழுந்து, கெழவியாத்தான் செத்தா."

கடையத்துக்குத் தெற்கே உங்கள் ஊர்க் குளத்தில் ராணி மடை என்று ஒன்று உண்டு என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். இந்தப் பக்கத்தை ஆண்ட பாண்டியர் ஒருவரின் மனைவி, புருஷன் போன பிறகு அந்த மடையைக் கட்டினாள் என்று மடைக்கல்லில் இருப்பதாக உங்கள் அப்பா சொல்வாராம். அதற்குப் பின்னும் வெகுகாலம் இருந்தாளாம். தண்ணீர்ச் சண்டை வந்தால் பல்லக்கில் வந்து இறங்கி, கரையில் நின்று இரண்டு பக்கத்தையும் வைவாளாம். ராஜாவுக்கு அங்கே பேர்கூட நிலைக்கவில்லை. அண்ணன் விடவில்லை. இனி வீட்டில் சண்டை வந்தால் உனக்கும் ஒரு பல்லக்கு பிடிக்கிறேன் என்று ஊர் வந்து சேரும்வரை கிண்டல் செய்தான்.

அடுத்த பங்குனியில் அவன் காய்ச்சலில் படுத்தான். எழுந்திருக்கவில்லை.

படம் தென்காசிக்கு வந்தது அதற்குப் பிறகுதான். சாவு விழுந்த துட்டி வீட்டுக்காரர்கள் சினிமாவுக்குப் போவதில்லை. நாம் போகவில்லை, ஆனால் படம் நம் வீட்டுக்கு வந்தது. நம் தெருவுக்குப் பின்னால்தானே கொட்டகை. தினமும் முதல் ஆட்டம் முடிகிற நேரத்தில் ராணியின் புலம்பல் கேட்கும். அப்புறம் அருவியின் இரைச்சல், அதற்கு மேல் ஜனங்களின் அழுகை. நீங்கள் கையில் எடுத்த வேலையை அப்படியே வைத்துவிட்டு, இரைச்சல் ஓயும்வரை நிற்பீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் அந்தக் கதையை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வைக்கோல் பொம்மையைக் கண்ணால் பார்த்துச் சிரித்தவர்களும் அதில் உண்டு. அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள். உத்தமி, பத்தினி என்றார்கள். உங்களுக்கு மட்டும் கேட்கக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தி, உங்களுக்கு மட்டும் நன்றாகக் கேட்கும்படி பேசினார்கள். ஒரு நாள் அம்மாவும் சொல்லிவிட்டாள்.

"அவல்லா பொஞ்சாதி."

அம்மா கெட்டவள் இல்லை, மதினி. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருந்தாள். எங்கள் ஊர் ராணி அப்படிச் சாகவில்லை என்று அன்றைக்கு நீங்கள் சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். நீங்கள் சும்மா இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. அன்றிலிருந்து நீங்கள் கிணற்றடிக்குப் போனால் நானும் போவேன். இரவில் உங்கள் பாயை ஒட்டிப் பாயை விரிப்பேன். அந்த ஆனி மாதம் முழுவதும் நான் சரியாகத் தூங்கவில்லை.

அப்படியும் ஒரு காலையில் கண் விழித்தபோது உங்கள் பாய் சுருட்டியிருந்தது. கிணற்றடியிலும் நீங்கள் இல்லை. அம்மா, கோயிலுக்குப் போயிருப்பாள் என்றாள். எனக்கு எங்கே என்று தெரிந்துவிட்டது. குற்றாலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேனே தவிர, அந்தப் பஸ் நகர்ந்ததா, நின்றதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

சீசன் கூட்டம். பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நனைந்தால் எல்லாச் சேலையும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. மங்குஸ்தான் பழக்கூடை வைத்திருந்த ஒரு பெண்ணிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். விடியும்போதே வந்துவிட்டாள், அந்தப் பாறையிலே நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றாள். நான் அங்கே பார்த்தேன். பாறை காலியாக இருந்தது.

"யாவாரத்தப் பாத்தேன். திரும்புனா ஆளக் காணும்" என்றாள் அவள்.

அருவிக்குக் கீழே ஆற்றை ஒட்டி நடந்தேன். தண்ணீரைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் விடவும் பயம். கரையில் காய்ந்த துணியெல்லாம் உங்கள் சேலையாகத் தெரிந்தது. யாரையாவது கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் வாய் எழவில்லை. சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்று தோன்றியது. கடைசியில் உங்கள் அப்பாவிடம் போய்ச் சொல்வதுதான் முறை என்று தென்காசிக்கு வந்து, கடையத்துக்கு ரயில் ஏறினேன். உங்கள் மகளைக் காணவில்லை என்று சொல்வதா, என் அண்ணன் போனதோடு இவளையும் நாங்கள் காப்பாற்றவில்லை என்று சொல்வதா. மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வாக்கியமும் முழுசாக வரவில்லை.

உங்கள் வீடு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. தெருவே வெறிச்சென்றிருந்தது. குளத்துப் பக்கம் ஜனம் கூடியிருந்ததைப் பார்த்ததும் ஓடினேன். கரையேறிப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். கரையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் உங்களைப் பிடிக்கக்கூட இறங்கவில்லையே என்று நான் கத்தப்போனேன். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கார் சாகுபடிக்கு அன்று மடை திறக்கிறார்கள் என்று அவள்தான் சொன்னாள். முங்கிப் போய் அடைப்பைப் பிடுங்குவதற்கு ஒரு ஆள் தயாராக நின்றான். ஆனால் அவன் முங்குவதற்கு முன்னால், புருஷனை இழந்த பெண் ஒருத்தி இறங்கி மடைக்கல்லில் கை வைக்க வேண்டும். ராணி புருஷனை இழந்த பிறகு கட்டியதால் அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம். மற்ற ஊர்களில் அப்படி ஒருத்தி எதிரே வந்தால் முகம் சுளிப்பார்கள். இங்கே அவள் கை படாமல் தண்ணீர் வயலுக்குப் போகாது. வழக்கமாகக் கை வைக்கிற கிழவி படுத்த படுக்கையாகிவிட்டாளாம். உங்களை அனுப்பச் சொல்லி உங்கள் அப்பா ஆள் விட்டிருக்கிறார். எங்கள் அம்மா அந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். உள்ளே இருந்து நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

நீங்கள் கல்லில் கை வைத்தீர்கள். அவன் முங்கினான். மறுபக்கம் வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டதும் பெண்கள் குலவையிட்டார்கள். அழுது பார்த்தே பழகிய உங்கள் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு பெருமையை அன்று பார்த்தேன்.

திரும்பும்போது ரயிலில் நம் பெட்டியில் கூட்டமில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஊருக்குப் போகிறவர்கள் குற்றாலத்துக்கு எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பொய் சொல்வீர்கள், நானும் நம்பிவிடலாம் என்று காத்திருந்தேன்.

"எதுக்குப் போவாக? அதுக்குத்தான் போனேன்."

நான் உங்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ரொம்ப நேரம் நின்னேன். பெறவு பசிச்சுது ஏட்டி. தாங்க முடியாத பசி. பாத்தேன், அங்கன ஒரு கடையில இட்லி அவிச்சுக்கிட்டு இருந்தாக. போய்த் தின்னேன். தின்ன பெறவு எப்படிச் சாவுறது? கடையத்துக்கு வந்துட்டேன்."

நான் அழுதேன். நீங்கள் என் தலையில் கை வைத்துச் சொன்னீர்கள்.

"அந்த ராணிக்கும் பசிச்சிருக்கும். அத எவன் படம் எடுப்பான்."

அதன் பிறகு அண்ணனின் வாடகை சைக்கிள் கடையில் நீங்கள் போய் உட்கார்ந்தது, ஊர் ஒரு மாதம் பேசி ஓய்ந்தது, அம்மாவே உங்களுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தது எல்லாம் ஊரறிந்த கதை. என் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுத்துக் கொடுத்ததும் நீங்கள்தான். போன ஐப்பசியில் மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோனது. அந்த ராணிக்குக் கிடைத்த நரை உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதில் எனக்குத் தீராத ஆத்திரம் உண்டு. இவர் போனபோது நீங்கள் இருந்திருக்க வேண்டும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இங்கே என் நாத்தனார் போன வாரம் அந்தப் படத்துக்குப் போனாள். என் மகளையும் கூட்டிப்போனாள். அவளுக்கு ஆறு வயது. நாத்தனார் கண் சிவக்கத் திரும்பி வந்து, என்னை ஒரு பார்வை பார்த்தாள். குழந்தை அன்றிலிருந்து என் முந்தானையைப் பிடித்த கையை விடவில்லை. கிணற்றடிக்குப் போனால் கூட வருகிறாள். தூக்கத்தில் நான் புரண்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவளைப் பார்க்கப் பார்க்க, அந்த ஆனி மாதத்தில் நீங்கள் என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பீர்கள் என்று இப்போது தெரிகிறது. உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இவர் போனதிலிருந்து நான் பேருக்குத்தான் சாப்பிடுகிறேன். பசிக்கும், பசிக்கிறதே என்று வெட்கமாக இருக்கும். புருஷன் போன வீட்டில் இவளுக்கு வயிறு கேட்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று தட்டைப் பாதியில் தள்ளிவிடுவேன். இன்று மத்தியானம் அந்த நோட்டீசை எடுத்து அடுப்பில் போட்டேன். சோறும் புளிக்குழம்பும் போட்டுக்கொண்டு, நாத்தனார் எதிரிலேயே உட்கார்ந்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன், மதினி.

குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து, நான் கடைசி வாய் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை விட்டுவிட்டு, தெருவுக்கு விளையாட ஓடினாள்.