எட்டுப் பேரையும் நிறுத்திவைத்தேன்

மார்ச் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் தாய்மாமன் ஆசிகளோடு எழுதிக்கொண்டது. இந்தக் கடிதத்திலும் இனி வரப்போகிறவற்றிலும் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது என்று, எங்கள் அச்சகத்துப் பெரிய எந்திரத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சத்தியத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டேன்.

நான் ஒரு சைக்கிள் அணிக்கு மேலாளர் ஆகிவிட்டேன். சிரிக்காதே. நீ ஆடுகிற அதே இணைய விளையாட்டில்தான். நீ இதில் அணி வைத்திருப்பதாக உன் பழைய பயிற்சியாளர் சொன்னார். மூவாயிரம் அணிகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் படித்தேன். முப்பது வருஷம் பிழை திருத்திய கண்ணுக்கு அது தூசு. 'நாற்பத்தேழு' என்று ஓர் அணி. பந்தயங்களில் நீ முதுகில் குத்திக்கொண்டு ஓட்டிய எண்ணை நான் மறப்பேனா?

போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். உன் அறைக்கு அனுப்பிய தபால் மூன்றும் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடமே திரும்பின. இங்கே ஒரு மேலாளர் இன்னொரு மேலாளருக்குக் கடிதம் போட்டால் தடுக்க வழியில்லையாம். ஆகவே வந்தேன்.

என் அணியின் பெயர் 'நாற்காலி வீரர்கள்'. எட்டுப் பேர். விளையாட்டு தந்த கையிருப்பு முழுவதையும் ஒரே மாவீரன் மேல் இறைத்துவிட்டேன். வயது முப்பத்தாறு. ஒரு காலத்தில் அவன் மிதித்த மிதியில் மலைகள் வெட்கப்பட்டுக் குனிந்தனவாம். மீதி ஏழு பேரும் இலவசமாக வந்தவர்கள். முதல் பந்தயத்திலேயே மாவீரன் நூற்றைம்பத்தோராவதாக வந்தான். ஏன் என்று புரியவில்லை. கொஞ்சம் சொல்லிக்கொடு.

இன்னொன்று. உன் அம்மாவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது. பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை. நீ வரவேண்டும்.

இப்படிக்கு,
நாற்காலி வீரர்களின் சக்கரவர்த்தி,
உன் மாமா

---

மார்ச் 4

மாமா,

கடிதத்தைத் தடுக்க முடியாது. படிக்காமல் அழிக்கலாம். படித்தது என் தப்பு.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்கிறீர்கள். இதையேதான் இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் சொன்னீர்கள். தேர்வுப் பந்தயம், நூற்றறுபது கிலோமீட்டர். முன்னால் போன ஆறு பேரில் நானும் ஒருவன். முடிய இன்னும் முப்பது கிலோமீட்டர். பயிற்சியாளர் காரை என் பக்கத்தில் கொண்டுவந்து, "உன் மாமா போன் பண்ணார்டா. அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம்" என்றார். இறங்கிவிட்டேன். சைக்கிளைக் கார் மேல் போட்டுவிட்டு, விளையாட்டு உடையோடு நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். அம்மா சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னடா, பந்தயம் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று சிரித்தாள். நீங்கள் பின்னால் நின்று, "சும்மா சொன்னேன் மாப்பிள்ளை, உன்னப் பாக்கணும்போல இருந்துது" என்றீர்கள்.

ஆறு பேரில் ஐந்து பேரை எடுத்தார்கள். கோட்டுக்கு வந்து சேராதவன் நான் ஒருவன்தான்.

இனி எழுதாதீர்கள்.

ஒன்று மட்டும். முப்பத்தாறு வயது ஆளை யாராவது வாங்குவார்களா? இந்த விளையாட்டில் முப்பத்திரண்டுக்கு மேல் வாராவாரம் திறமை இறங்கும். பருவம் முடிந்ததும் அவன் ஓய்வு பெற்றுவிடுவான். புது மேலாளர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களாகப் பாருங்கள்.

நாற்பத்தேழு அணி மேலாளர்

---

மார்ச் 5

என் கண்ணான மாப்பிள்ளைக்கு,

நீ பதில் போட்ட சந்தோஷத்தில் நான் குதித்த குதியில் அச்சகத்தின் கூரை ஒரு சாண் உயர்ந்துவிட்டது. முதலாளி இப்போது அங்கே மாடி கட்டலாமா என்று யோசிக்கிறார்.

மாவீரனைச் சந்தையில் நிறுத்தினேன். ஒருவனும் விலை கேட்கவில்லை. இலவசம் என்று போட்டேன். அப்போதும் இல்லை. கடைசியில் கண்ணீரோடு கட்டித்தழுவி அனுப்பிவிட்டேன். இப்போது இருபது வயதில் ஒருவன் வந்திருக்கிறான். காலையில் மலையேற்றம், மதியம் வேகம், மாலையில் மறுபடி மலை என்று அவனை வாட்டி எடுக்கிறேன். பயலின் சக்தி பதினொன்றில் நிற்கிறது. அது நூற்றுக்குப் பதினொன்றா, பத்துக்குப் பதினொன்றா?

அக்கா எட்டு நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருக்கிறாள். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். பாதி வாக்குதான் கொடுத்தேன். டாக்டர் கொடுத்த அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பவா? எந்த எண்ணுக்கு அனுப்பட்டும், சொல்.

உன் மாமா, மலைகளை நகர்த்துபவன்

---

மார்ச் 8

மாமா,

அறிக்கை வேண்டாம். அச்சகத்தில் இருக்கிறவர் நீங்கள். எந்த ஆஸ்பத்திரித் தலைப்புத்தாள் வேண்டுமானாலும் அரைமணியில் அடித்துவிடுவீர்கள். பத்தாவதில் எனக்கு 'மாநிலத்தின் மாபெரும் மேதை' என்று முத்திரையோடு சான்றிதழ் அடித்துக் கொடுத்தீர்களே, தலைமையாசிரியரே எழுந்து நின்று கைகொடுத்தார்.

பதினொன்று என்றால் நூற்றுக்குப் பதினொன்று. அந்தப் பையனைக் கொன்றுவிடுவீர்கள்போல. சக்தி நாற்பதுக்குக் கீழே போனால் ஓய்வு, வேறு பேச்சே கிடையாது. பயிற்சி ஒருவனுக்கு ஒன்றுதான். மலைக்காரனை மலைக்கு, வேகக்காரனை வேகத்துக்கு. பந்தயத்துக்கு முன்னால் பாதையின் படத்தைப் பாருங்கள். மேடே இல்லாத பாதைக்கு மலைக்காரனை அனுப்பிப் பிரயோஜனமில்லை. ஆரம்பத்திலேயே முன்னால் ஓடவிடாதீர்கள். கூட்டத்துக்குள் பதுங்கியிருந்தால் காற்று அடிக்காது, சக்தி மிஞ்சும். முதல் பருவத்தில் ஜெயிக்க ஆசைப்படவே வேண்டாம். எட்டுப் பேரும் கால வரம்புக்குள் வந்து சேர்ந்தாலே போதும். வரம்பைத் தாண்டி வருகிறவனை மொத்தப் போட்டியிலிருந்தும் நீக்கிவிடுவார்கள்.

இதை ஒரு கற்றுக்குட்டிக்காகத்தான் எழுதினேன். மாமாவுக்காக இல்லை.

நாற்பத்தேழு அணி மேலாளர்

---

மார்ச் 11

மாப்பிள்ளை,

நடந்ததை நீ பார்த்திருப்பாய். இருந்தாலும் சக்கரவர்த்தி தன் வீழ்ச்சியைத் தன் வாயால் சொல்வதே முறை.

நேற்று மாலை ஐந்து மணிப் பந்தயம். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னபடியே என் எட்டுப் பேரும் கூட்டத்தின் நடுவில், புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகுபோலப் பத்திரமாக இருந்தார்கள். முடிய அறுபது கிலோமீட்டர் இருக்கும்போது உன் ஆள் ஒருவன் விழுந்தான். உன் மற்ற ஏழு பேரும் நிற்காமல் போனார்கள். அதுதான் சரி என்று எனக்கும் தெரியும். எழுந்தவன் தனியாக, எதிர்க்காற்றில் வந்தான். அவன் சட்டை முதுகில் நாற்பத்தேழு என்ற எண்ணைப் பார்த்தேன்.

கூட்டணி அணிகளுக்காகக் காத்திருக்கச் சொல்லும் பொத்தான் ஒன்று இருக்கிறதே. அதை அழுத்தி எட்டுப் பேரையும் நிறுத்திவைத்தேன்.

ஐந்து நிமிஷம் நின்றார்கள். அவன் வந்ததும் நடுவில் போட்டுக்கொண்டு இழுத்தார்கள். இழுக்கிறவன் ஒவ்வொருவனாகச் சக்தி தீர்ந்து உதிர்ந்தான். உன் ஆள் வரம்புக்கு ஏழு வினாடி முன்னால் கோட்டைத் தொட்டான். என் எட்டுப் பேரும் வெளியே. அணியையே கீழ்ப்பிரிவில் தள்ளிவிட்டார்கள். அதற்கும் கீழே பிரிவு இல்லையாம். எனக்காகப் புதிதாகக் குழி தோண்டுகிறார்கள் என்று கேள்வி.

இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. அக்காவால் நாலு அடி நடக்க முடியவில்லை. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளைங்க இருந்தா வரச்சொல்லிடுங்க" என்றார். நான் என்ன சொன்னால் நம்புவாய்? எந்தத் தெய்வத்தின் மேல் சத்தியம் செய்யட்டும்? எல்லாத் தெய்வங்களிடமும் ஏற்கெனவே பொய்ச் சத்தியம் பாக்கி வைத்திருக்கிறேனே.

உன் மாமா

---

மார்ச் 13

மாமா,

அந்த உத்தரவை யாராவது போடுவார்களா? நான் வேலை பார்க்கிற கிடங்கில் இடைவேளையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவன், "யாருடா அந்தப் பைத்தியக்காரன்? எட்டுப் பேரை மொத்தமா காவு குடுக்கிறான்" என்றான். என் ஆளுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் இன்று மதியம் அம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன். உன் மாமா புளுகறத நம்பி வேலையை விட்டுட்டு ஓடி வராத."

சாப்பிட்டாயா என்று கேட்டாள். வைத்துவிட்டாள்.

ஆக, இரண்டாவது தடவை. உங்களுக்கு இது விளையாட்டாகவே போய்விட்டது. என் ஆளை இழுத்துவந்ததற்கு நன்றி. இத்தோடு முடித்துக்கொள்வோம்.

நாற்பத்தேழு அணி மேலாளர்

---

மார்ச் 14

மாப்பிள்ளை,

நேற்று நீ கூப்பிட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா பதினொன்றாம் கட்டிலில் படுத்திருந்தாள். உன் எண்ணைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் உள்ளே வந்து, "பதினொண்ணு, ரத்தம் எடுக்கணும்மா" என்றாள். அது உனக்குக் கேட்டிருக்கும். "அது டிவிடா" என்று அக்கா சொன்னாள். இந்த அறையில் டிவி இல்லை.

வைத்த பிறகு போனை முந்தானையில் துடைத்துவிட்டு, தலையணைக்குக் கீழே வைத்தாள். "குரல் கொஞ்சம் கட்டிப்போயிருக்கு அவனுக்கு" என்றாள். "ஏன் இப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "வேலை போயிடும்டா" என்றாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். நாலு மணி நேரம் ஆகும். டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. கையெழுத்து நான் போட்டுவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமா

---

மார்ச் 16

மாமா,

பத்து தடவை படித்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் ஒரு மலைகூட நகரவில்லை. ஒரு கூரைகூட உயரவில்லை. நீங்கள் இப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் நம்புகிறேன்.

நர்ஸ் குரலும் கேட்டது. அம்மா டிவி என்றதும் நிஜம். இதை நான் உங்களுக்கு எழுதவே இல்லை.

லீவு சொல்லிவிட்டேன். தரமாட்டேன் என்றார் மேற்பார்வையாளர். போகிறேன் என்று வந்துவிட்டேன். நாளைக் காலை ரயில். புதன்கிழமை மாலை ஆஸ்பத்திரியில் இருப்பேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள், சொன்னால் அந்த உடம்போடு எழுந்து காய் நறுக்க உட்கார்ந்துவிடுவாள்.

வருவதற்கு முன்னால் ஒன்று தெரியவேண்டும். அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தீர்கள்? பார்க்கணும்போல இருந்தது என்பதற்காக ஒருவனைப் பந்தயத்திலிருந்து இறக்குவார்களா? எத்தனையோ நாள் யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. ரயிலில் படித்துக்கொள்கிறேன். எழுதுங்கள்.

உங்கள் மருமகன்

---

மார்ச் 17

அன்புள்ள மருமகனுக்கு,

காலையிலேயே உன் கடிதத்தைப் பார்த்தேன். வராந்தாவில் நான் விட்ட பெருமூச்சில் மூன்று வார்டுகளின் ஜன்னல்கள் தானாகத் திறந்துகொண்டன. காற்றோட்டம் நல்லதென்று டாக்டர்கள் என்னைச் சம்பளத்தோடு வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். பழக்கதோஷம், மன்னித்துவிடு.

கேட்டாயே, சொல்கிறேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கில் மிச்சமிருந்த பாதியும் இத்தோடு போகட்டும்.

அன்று காலை ஏழு மணிக்கு நான் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்து கிடந்தது. அக்கா சமையலறைத் தரையில் கிடந்தாள். உதடெல்லாம் நீலம். தூக்கிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் ஓடினேன். ஊசி போட்டார். இருதயம்போலத் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். அங்கேயிருந்துதான் பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். என் வாழ்க்கையில் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் பேசிய ஒரே போன் அது.

பத்து மணிக்குக் கண் விழித்தாள். உனக்குச் சொல்லிவிட்டேன் என்றதும் என் சட்டையைப் பிடித்தாள். "திரும்பப் போன் போட்டு நிறுத்துடா!" போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன். பயிற்சியாளர் எடுக்கவில்லை. அதற்குள் நீ பஸ் ஏறியிருந்தாய்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள். வீட்டுக்கு வந்து புடவை மாற்றிக்கொண்டு கத்தியோடு உட்கார்ந்தாள். பாதிக் காயை நான்தான் நறுக்கினேன். "எனக்கு உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சா அவன் இனிமே சைக்கிளையே தொடமாட்டான். என் கட்டில் பக்கத்துலயே உக்காந்துடுவான். பொய்யின்னு நெனச்சா கோபப்படுவான், அடுத்த வருஷம் போய் ஜெயிச்சிடுவான். நீ சும்மா சொன்னேன்னு சொல்லுடா. நீ சொன்னா யாரும் சந்தேகப்படமாட்டாங்க" என்றாள்.

ஒருவருமே சந்தேகப்படவில்லை. நீகூட.

உன் கோபத்துக்கு ஒரு வருஷம்தான் ஆயுள் என்று நாங்கள் இரண்டு பேரும் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோம். நீ சைக்கிளையும் விட்டாய், எங்களையும் விட்டாய். பல தடவை சொல்ல வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் என் வாயை அடைத்துவிட்டது.

நேரே இரண்டாவது மாடிக்கு வா. கோபத்தையெல்லாம் என்னிடம் வைத்துக்கொள், அவளிடம் காட்டாதே. நான் ஆயுள் முழுக்க அளந்ததில் எதை வேண்டுமானாலும் தள்ளுபடி செய்துகொள். எந்திரத்தின் மேல் செய்த சத்தியம், வெட்கப்பட்ட மலை, உயர்ந்த கூரை எல்லாம் பொய். அன்று காலை உன் அம்மா விழுந்து கிடந்தது மட்டும் நிஜம்.

உன் மாமா