கொட்டாஞ்சேனைச் சபைக்கு ஒரு கடிதம்

இஞ்சாருங்கோ,

நேற்றைய ஆராதனையில் உங்கள் கடிதத்தை நான்தான் வாசித்தேன். பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை அங்கே எல்லோருக்கும் முன்னால் உரக்க வாசித்தார்களாம். போதகராகிய நீங்கள் கனடாவிலிருந்து எழுதுவதையும் அப்படியே, மனைவியானாலும் நான் சபைக்கு முன்னால்தான் உறை பிரித்து வாசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இரண்டு வருடமாக நான் அதை மீறவில்லை.

"கொட்டாஞ்சேனையிலுள்ள பரிசுத்தவான்களுக்கு" என்று தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில், சபையை இன்னொருவரிடம் ஒப்படைப்பதாகவும் இனித் திரும்பி வருவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். என் வாய் தன்பாட்டில் வாசித்துக்கொண்டே போனது.

பவுல் கடைசியில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்துவார். நீங்களும் அப்படித்தான். ஜொய்ஸ் அன்ரியின் முழங்கால் வலியைக்கூட விசாரித்திருந்தீர்கள். என் பெயரும் வரும் என்று கடைசி வரிவரை வாசித்தேன். தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

வாசலில் ஜொய்ஸ் அன்ரி என் கையைப் பிடித்தார்.

"உமக்கு முதலே தெரியும்தானே, பிள்ளை?"

"ஓம் அன்ரி, தெரியும்."

ஆராதனை முடிந்த கையோடு பொய் சொன்னேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். அங்கே ஒருவருக்கும் வாசித்துக் காட்டவேண்டாம். சபையின் பதில் தனியாக வரும். அதையும் என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "நாங்கள் எல்லோரும் சமாதானத்தோடு இருக்கிறோம்" என்று முதல் வரியை எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலுள்ளவர்களில் ஒருத்தி