கம்பளிக்குள் இருந்த முடிச்சு

நேற்றைய மழையில் லாரிக்குள் கிடந்த பழைய கயிறு நனைந்துவிட்டது. வெயிலில் உதறிப் போட்டபோது பூண்டு வாசம் வந்தது. உடனே உன் ஞாபகம். நீ போய் இரண்டு தை கழிந்துவிட்டது. ஆனாலும் அந்த ஏரிக்கரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பதாகவே படுகிறது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. மலைமேல் இருக்கிற உங்கள் ஊர் கிளாவரைக்கு அப்போது ரோடு கிடையாது. ரோடு முடிகிற இடத்தில் லாரியை நிறுத்திவிட்டு, பூண்டு மூட்டைகளை மட்டக்குதிரைகள் சுமந்து வரும்வரை காத்திருப்போம். நான் டிரைவர், நீ மூட்டை ஏற்றுகிறவன். பக்கத்திலேயே ஏரி. பழனியில் கிணறு கிணறாகக் குதித்து வளர்ந்தவன் தண்ணீரைக் கண்டால் சும்மா இருப்பேனா?

நீ லேசில் விடமாட்டாய். மூங்கிலை விட்டு ஆழம் பார்ப்பாய். "அந்தப் பக்கம் பாசி கெடக்குண்ணே, காலச் சுத்திரும்" என்பாய். காற்றடித்த லாரி ட்யூபைக் கையில் கொடுப்பாய். மூட்டை கட்டும் கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுமுனையோடு கரையில் உட்கார்வாய். மேகம் கொஞ்சம் இறங்கினால் போதும், "வெரசா ஏறுங்க, கரை தெரியாமப் போயிரும்" என்று கத்துவாய்.

இவ்வளவு அக்கறை எதற்கு? சந்தேகம் என் கூடப் பிறந்தது. எடை போட்ட மூட்டையையும் ஒரு தடவை தூக்கிப் பார்க்கிறவன் நான். கம்பளிக்குள் உன் கைகள் தெரியாது. கயிற்றைப் பிடித்திருக்கிறாயா, ஏதாவது வேரில் கட்டிவிட்டுத் தூங்குகிறாயா? நடுவில் நின்று சுண்டி இழுப்பேன். "இருக்கேண்ணே" என்று குரல் வரும். குரல் இருக்கிறது, கை இருக்கிறதா?

"ஏலே, நீ ஏன் தண்ணிக்குள்ள எறங்க மாட்டேங்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குளிருண்ணே" என்றாய். மலையில் பிறந்தவனுக்குக் குளிரா? அதையும் நான் நம்பவில்லை.

அடுத்த வாரம், உன்னைச் சோதிக்கவே, ட்யூபைக் கரையில் போட்டுவிட்டு நீ வேண்டாம் என்ற பக்கமாகவே நீந்தினேன். பாசி காலைச் சுற்றியது. உதற உதற இறுகியது. பயத்தில் கயிற்றைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கரையில் கம்பளி மட்டும் கிடந்தது. விட்டுவிட்டு ஓடிவிட்டாய் என்று நினைத்தேன். பாவி, அந்த நேரத்திலும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம்தான் கரையோரத்தில் உன் தலை தெரிந்தது. முங்கியது. மறுபடி தெரிந்தது. நான் இழுத்த இழுப்பில் நீ தண்ணீருக்குள் விழுந்திருந்தாய்.

நல்லவேளை, குதிரைகளோடு உன் மாமன் வந்து சேர்ந்தார். உன் சட்டையைப் பிடித்து அவர் இழுக்க, உன்னோடு கயிறும், கயிற்றோடு நானும் கரைக்கு வந்தோம். "நம்மூர்ல எவனுக்குடா நீச்சத் தெரியும்? குளிக்கவே யோசிக்கிற ஊரு!" என்று உன்னைத் திட்டிக்கொண்டே, உன் இடுப்பில் இறுகியிருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடியாமல் அரிவாளால் அறுத்தார்.

"கயித்த எதுக்குலே இடுப்புல கட்டுன? கைல புடிச்சாப் போதாதா?" என்றேன்.

பல் கிடுகிடுக்கச் சொன்னாய்: "கைய நம்ப முடியாதுண்ணே. பயந்தா விட்ரும்."

கடைசிவரை உன்னிடம் நான் மன்னிப்பு கேட்கவே இல்லை.

அந்த அறுந்த கயிறுதான் இது. அதற்கப்புறம் மூட்டை கட்ட இதை எடுத்ததில்லை. மகளை ஏரிக்குக் கூட்டிப்போகும்போது இதைத்தான் அவள் இடுப்பில் கட்டுகிறேன், மறுமுனையை என் இடுப்பில். "கைல புடிச்சாப் போதாதாப்பா?" என்று அவளும் கேட்டாள்.

"அப்பன் கைய எனக்குத் தெரியும் தாயி" என்று சொல்லி, முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.